சுரண்டாத கதவு

ஊரார் பல்லில் படிந்த காரையைச் சுரண்டியே காலத்தை ஓட்டியவர் டாக்டர் தேன்மொழி. கணவர் நவநீதன் இறந்த வருடம் கிளினிக்கை மூடிவிட்டார். கை மட்டும் சும்மா இருக்க மறுத்தது. கொக்கி ஊசி, குட்டிக் கண்ணாடி, விரல் நீளப் பிரஷ் என்று கிளினிக்கில் மிச்சமிருந்த அத்தனையும் வடவள்ளி வீட்டுக் கார் ஷெட்டுக்கு இடம் பெயர்ந்தன. அங்கே நின்றுகொண்டிருந்தது பத்மினி.

பத்மினி என்றால் கார். தொண்ணூறு வயது தாண்டிய பெட்ரோல் கார். கல்யாணமான புதிதில், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு தகர எலும்புக்கூட்டை நவநீதன் வீட்டுக்கு இழுத்து வந்து, "நம்மளுக்கு ஒரு சீமந்த புத்திரி வந்திருக்கா அம்மணி" என்றார். குழந்தை அதன் பிறகும் பிறக்கவில்லை. இருவரும் சேர்ந்து அந்தக் காரைத்தான் வளர்த்தார்கள்.

இப்போதெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டி ஓட்டுபவர்கள் யார்? கோவையின் சாலைகளில் ஓடுவதெல்லாம் தானோடிகள். ஏறி உட்கார்ந்து இடத்தைச் சொன்னால் போதும், சத்தமே இல்லாமல் கொண்டுபோய் இறக்கிவிடும். பழைய கார் வைத்திருக்கும் கிறுக்கர்களுக்கு ஞாயிறு காலை மட்டும், சிறுவாணி ரோட்டில் மட்டும் அனுமதி. அதுவும் கரும்பில் வடித்த எரிசாராயத்தில்தான் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த ரோட்டில் போனால் ஜிலேபிக் கடைப் பக்கம் போன மாதிரி ஒரு வாசனை வரும். மூக்கைப் பிடிக்கிறவர்களும் உண்டு, கூடவே ஓடி வருகிறவர்களும் உண்டு.

இந்தக் கிறுக்கர்களுக்கு ஒரு சங்கம். பெயர் கோவை பழவண்டி மன்றம். ஊர் வைத்த பெயர் கிழட்டு வண்டி கிளப். அதில் இரண்டு கட்சி. காரைப் புதுப்பித்து, பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவது போலப் பளபளவென்று நிறுத்துகிற கட்சிக்குத் தேன்மொழி தலைவி. எதையும் தொடாதே, பழசு பழசாகவே இருக்கட்டும் என்கிற கட்சிக்குத் தலைவர், தொண்டர் எல்லாமே சபரிகிரீசன் ஒருவர்தான். அவரிடமும் அதே வெள்ளைப் பத்மினி. வெள்ளை என்பது பேச்சுக்கு.

"ஏனுங்க சபரி, உங்க வண்டிய நெல்லு காயப்போட்ட களத்துலயா நிறுத்தி வெச்சிருந்தீங்க?" என்பார் தேன்மொழி.

"அழுக்கும் ஒரிஜினல்தானுங்களே டாக்டரம்மா" என்பார் சபரி. அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் அந்த மனிதரிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது. மின்மோட்டார் பட்டறை வைத்து நடத்தியவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர், காதோரம் நரைத்த பிறகும் சட்டையை இன் செய்யாமல் வெளியே வராதவர். ஒவ்வொரு ஞாயிறும் தேன்மொழியின் வண்டிக்குப் பின்னால் ஒரே இடைவெளியில் வருவார், ஆலாந்துறை டீக்கடையில் எதிர் பெஞ்சில் உட்காருவார், மறுபடி பின்னாலேயே திரும்புவார்.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியிலிருந்து கழற்றிய பழைய சாமானை யாரும் குப்பையில் போடக்கூடாது. ஆடி மாதம் ஒரு நாள் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு மரத்தடியில் எல்லோரும் அவரவர் கழித்ததைப் பரப்பி வைப்பார்கள். யாருக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். மாற்றுச் சந்தை என்று அதற்குப் பெயர். ஒருவர் வண்டியின் கைப்பிடி இன்னொருவர் வண்டியில் போய் உட்காரும். இந்தக் கதைக்கு அந்த வழக்கம்தான் காரணம்.

நவநீதன் போன நாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பத்து வருடத்துக்கு முன்னால், ஒரு புயல் மழை நாள். மதியச் சாப்பாட்டில் கை வைத்தவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தெருவெல்லாம் தண்ணீர். தானோடிகள் நின்ற இடத்திலேயே விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றுவிட்டன. ஆம்புலன்ஸும் தானோடிதான், அதுவும் எங்கோ நின்றது. தேன்மொழி அவரைத் தாங்கிப் பிடித்துப் பத்மினியின் பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, மழையில் வண்டியைக் கிளப்பினார். எஞ்சின் போட்ட கூச்சலில் காது அடைத்தது. லாலி ரோடு திரும்பும் இடத்தில் பின்னாலிருந்து நவநீதன் ஏதோ சொன்னார்.

காதில் விழவில்லை.

"கேக்கலீங்க, அப்பறம் சொல்லுங்க" என்று முன்னால் பார்த்தபடியே கத்தினார் தேன்மொழி.

அப்புறம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது நவநீதன் கதவுப் பக்கம் தலையைச் சாய்த்திருந்தார். வழியிலேயே முடிந்துவிட்டது என்றார் அங்கிருந்த டாக்டர்.

என்ன சொல்லியிருப்பார்? பத்து வருடமாகத் தேன்மொழி அந்தக் கேள்வியோடுதான் எழுந்தார், அந்தக் கேள்வியோடுதான் படுத்தார். "நிறுத்து" என்று சொல்லியிருப்பாரோ? "வந்து என் பக்கத்துல உக்காரு" என்று சொல்லியிருப்பாரோ? ஒரு மனுஷன் சாகும்போது கூப்பிட, கட்டியவள் அப்புறம் சொல்லுங்க என்று சொல்லிவிட்டாளே. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வெறி பிடித்தவர் போல வண்டியைச் சுத்தம் செய்யத் தொடங்கினார். சீட் ரெக்ஸின், கூரைத் துணி, தரை விரிப்பு எல்லாவற்றையும் புதிதாக்கினார். மாற்ற முடியாததைக் கொக்கி ஊசியால் இண்டு இடுக்கு விடாமல் சுரண்டினார். வண்டி ஜொலித்தது. அவருக்குத்தான் ஆறவே இல்லை.

போன தை மாதம் மன்றக் கூட்டத்துக்கு நிலோஃபர் வந்தாள். ஒலி ஆராய்ச்சி செய்கிறவள், நாற்பது வயதிருக்கும். சின்ன வயதில் தேன்மொழியிடம் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டவள். மைக்கைப் பிடித்ததும் அவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"டாக்டருக்கு ஈஸியாப் புரியும். பல்லுல காரை எப்படிங்க படியுது?"

"எச்சில்ல இருக்கற உப்பு கொஞ்சங்கொஞ்சமாப் படிஞ்சு இறுகுது. ஏடு ஏடா."

"அதேதாங்க. பழைய ரெக்ஸின் வருசக்கணக்கா லேசா எண்ணெய் விடும். அதுல தூசி ஒட்டும், இறுகும், அது மேல மறுபடியும் எண்ணெய், மறுபடியும் தூசி. கண்ணாடிய ஏத்திட்டு காருக்குள்ள பேசினா, கதவோட உள்பக்க அட்டை தவில் தோலு மாதிரி அதிருது. அந்த அதிர்வுக்குத் தகுந்த மாதிரிதான் தூசி உக்காருது. ஒவ்வொரு ஏட்டையும் ஒளியால சீவி எடுத்துப் படிக்கற மெஷின் எங்க கிட்ட வந்திருக்கு. உள்ள பேசினத எல்லாம் திரும்பக் கேக்கலாம்."

கூட்டம் சலசலத்தது. ஒருவர் தன் தாத்தா பாட்டுப் பாடியதைக் கேட்கலாமா என்றார். இன்னொருவர், தன் வீட்டுக்காரி அந்த வண்டியில் உட்கார்ந்து தன்னைத் திட்டியதெல்லாம் வெளியே வந்துவிடுமா என்று கவலைப்பட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"ரெண்டு விசயம் ஞாபகத்துல வெச்சுக்கோங்க" என்றாள் நிலோஃபர். "சீவின ஏடு அதோட போச்சு, ரெண்டாந்தரம் படிக்க முடியாது. அப்பறம், மேல இருக்கறது புதுசு, அடியில இருக்கறது பழசு. பழசக் கேக்கணும்னா மேல பேசினவங்களத் தாண்டித்தான் போகணும்."

தேன்மொழி சிரிக்கவில்லை. கூட்டம் முடியும் முன்பே நிலோஃபரைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப்போய் வண்டியைக் காட்டினார். அவள் ஒரு சின்ன விளக்கை வைத்து உள்ளே முழுவதும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகம் சுருங்கியது.

"டாக்டர், இதுல ஒண்ணுமே இல்லீங்க. கண்ணாடி மாதிரித் தொடச்சு வெச்சிருக்கீங்க."

"சுரண்டிட்டேன்" என்றார் தேன்மொழி. "எல்லாத்தையும் நானே என் கையால சுரண்டிட்டேன், நிலோ." நிலோஃபர் போன பிறகு ஷெட்டிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அழுது ஓய்ந்து மூக்கைத் துடைக்கும்போதுதான் அது ஞாபகம் வந்தது.

இடது பக்கப் பின்கதவு. அதன் உள்பக்க அட்டை அந்த மழையில் நனைந்து நெளிந்துவிட்டது. சுரண்டிப் பயனில்லை என்று அதை மட்டும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டார். பழையதை அந்த வருடச் சந்தையில் வைத்தார். நவநீதன் தலை சாய்த்திருந்த அதே கதவு. அதை யார் எடுத்தார் என்பதில் சந்தேகமே இல்லை. அழுக்கும் ஒரிஜினல் என்று சொல்லுகிற ஆள் ஊரில் ஒருவர்தானே இருக்கிறார்.

மறுநாள் காலை சபரியின் வீட்டு வாசலில் போய் நின்றார். யாரிடமும் சொல்லாததை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னார், லாலி ரோடு திருப்பம் உட்பட. சபரி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அது வேண்டாமுங்க டாக்டரம்மா" என்றார்.

"ஏனுங்க?"

"அத மட்டும் கேக்காதீங்க. என் வண்டியவே வேணும்னாலும் எடுத்துக்கோங்க, அந்த ஒண்ணு மட்டும் வேண்டாம்."

"வண்டிய வெச்சுட்டு நான் என்னுங்க பண்றது? அந்த அட்டைலதான் எங்க வீட்டுக்காரரு இருக்காரு."

சபரியின் காது மடல் சிவந்திருந்தது. தேன்மொழிக்குக் கோபம் தலைக்கேறியது. மாசி மாதம் கண்காட்சி. கை படாத வண்டிக்கு என்று ஒரு கோப்பை உண்டு, அதை வருடாவருடம் வாங்குகிறவர் இந்த ஆள்தான்.

"கோப்பை போயிடும்னு பாக்கறீங்க. ஒரு பொம்பள வாசல்ல நின்னு கெஞ்சறா, உங்களுக்குத் தகர டப்பா பெருசாப் போச்சு. அழுக்குச் சேத்துச் சேத்து உங்க மனசும் அப்படியே ஆயிருச்சுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நடந்த வேகத்தில் செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் தூக்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

அந்த ஞாயிறு சபரி சிறுவாணி ரோட்டுக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. பின்னால் ஒரு வண்டி வராமல் அந்த ரோடு எப்படியோ இருந்தது. அதைக்கூடத் தேன்மொழி கோபத்தோடுதான் கவனித்தார்.

அதற்கு அடுத்த வாரம் சாயங்காலம், பழைய பெட்ஷீட்டில் சுற்றிய பலகை மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு சபரி வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"இந்தாங்க. நிலோஃபரம்மா கிட்ட விசாரிச்சேன். குரலு இன்னாருதுன்னு அடையாளம் சொல்றதுக்கு நீங்க கூடவே இருக்கணுமாம். மேல இருக்கறது எல்லாம் உங்க காதுலயும் விழுமாம்."

"ஆமாங்க. சொன்னா."

"அதுல நானும் இருப்பனுங்க." பெட்ஷீட்டின் முடிச்சைத் தேவையில்லாமல் ஒரு தரம் இறுக்கினார். "சிரிக்காம இருந்தீங்கன்னாச் சரி."

பதிலுக்குக் காத்திருக்காமல் தெருவில் இறங்கி நடந்துவிட்டார்.

நிலோஃபரின் ஆராய்ச்சிக் கூடத்தில் அந்த அட்டையை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள். பழுப்பேறிய ரெக்ஸின், ஓரத்தில் நெளிவு, கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டை. இதற்குப் போய் இவ்வளவு பாடா என்று இருந்தது தேன்மொழிக்கு. மெல்லிய நீல ஒளி அட்டையின் மேல் ஊர்ந்தது. ஸ்பீக்கரில் முதலில் வெறும் இரைச்சல், பிறகு சபரியின் குரல்.

"டாக்டரம்மா, ரெண்டு வண்டி எதுக்குங்க? ஒரே வண்டில போலாமுங்களா?"

நிலோஃபர் தேன்மொழியைப் பார்த்தாள். தேன்மொழிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான் அந்தக் காரில் ஏறியதே இல்லையே, இது யாரிடம் பேசுகிற பேச்சு?

அடுத்த ஏடு. அதே குரல், அதே வாக்கியம். எஞ்சின் சத்தமே இல்லை. நிறுத்தி வைத்த வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு மனிதர் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார். "டாக்டரம்மா, வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டு வண்டி எதுக்குங்க." ஒரு செருமல். "டாக்டரம்மா, நான் என்ன சொல்றேன்னா." மறுபடி முதலிலிருந்து.

மேலே இருப்பது புதிது, அடியில் இருப்பது பழையது. ஒளி கீழே இறங்க இறங்கச் சபரியின் குரல் இளைத்தது, தடுமாறியது. வருடக்கணக்காகச் சொல்லிப் பழகி வழவழப்பான வாக்கியம் பின்னோக்கிப் போகப் போகத் துண்டு துண்டானது. ஓர் இடத்தில் "தேன்மொழி" என்று சொல்லிப் பார்த்து, உடனே "டாக்டரம்மா" என்று திருத்திக்கொண்டார். இன்னும் அடியில், எல்லாவற்றுக்கும் முதலில், வாக்கியமே இல்லை. "அவரு போயி ஒரு வருசங்கூட ஆகல. மூடிட்டு இருடா சபரி" என்று தன்னைத் தானே அதட்டிக்கொள்ளும் குரல் மட்டும்தான் இருந்தது.

"நிறுத்தட்டுங்களா, டாக்டர்?" என்றாள் நிலோஃபர் மெதுவாக.

தேன்மொழி வேண்டாம் என்று தலையசைத்தார். வாசலில் நின்று அந்த மனிதரிடம் கத்தியது ஞாபகத்துக்கு வந்து கூசியது. சிரிப்பு வரவில்லை. இந்த ஏடுகளைக் காப்பாற்றத்தான் அவர் வேண்டாம் என்றிருக்கிறார், கோப்பையை அல்ல. பிறகு அதையும் தூக்கிக்கொண்டு நடந்தே வந்து கொடுத்திருக்கிறார்.

பிறகு ஓர் அழுகை கேட்டது. தன் அழுகைதான் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக ஓட்டி வந்த வழி அது. தேன்மொழி நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பற்றினார். அடுத்த ஏடுதான் அது.

மழை. கூரையில் சடசடவென்று விழும் மழை. அதற்கு மேலாக எஞ்சின்.

"எஞ்சின் சத்தத்த எடுத்துர்றேனுங்க, குரலு தெளிவா வரும்" என்று நிலோஃபர் பொத்தானை நோக்கிக் கை நீட்டினாள்.

"இரு" என்றார் தேன்மொழி. "எடுக்காத. இந்த எஞ்சின் ஏன் இப்படிக் கத்துது?"

கண்ணை மூடிக் கேட்டார். இத்தனை வருடம் அந்த வண்டியோடு வாழ்ந்த காது. குளிர்ந்து கிடக்கும் எஞ்சினைக் கிளப்பும்போது சோக் என்கிற குமிழை வெளியே இழுக்க வேண்டும், சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். தள்ளாவிட்டால் எஞ்சின் தொண்டை கிழியக் கத்தும். கிளப்பில் முதல் நாள் வருகிறவனுக்கே இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள். யார் மறந்தாலும் தேன்மொழி மறக்கமாட்டார்.

"சோக்கு இழுத்தே இருக்குது" என்றார் தேன்மொழி, தன்னை அறியாமல்.

அவர் வாயை மூடுவதற்குள் ஸ்பீக்கரில் நவநீதனின் குரல், களைத்து, மூச்சு வாங்கி, அதே வார்த்தையைச் சொன்னது.

"சோக்கு இழுத்தே இருக்குது அம்மணி. உள்ள தள்ளு."

"கேக்கலீங்க, அப்பறம் சொல்லுங்க" என்று பத்து வருடத்துக்கு முந்தைய தேன்மொழி கத்தினார்.

மழை பெய்தது. எஞ்சின் கத்தியது. தேன்மொழிக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இதோடு முடிந்தது என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் கதவுக்கு மிக அருகே, அட்டையில் உதடு படும் தூரத்தில், இன்னொரு தரம் அந்தக் குரல் வந்தது. லேசாகச் சிரிப்பது போலக்கூட இருந்தது.

"சரி, உடு. நல்லாத்தான் ஓட்டற."

பிறகு குரல் இல்லை. ஏடு தீரும் வரை மழையும் எஞ்சினும் மட்டும் ஓடின. தேன்மொழி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். நிறுத்து என்று சொல்லவில்லை. வா என்று கூப்பிடவில்லை. சோக்கைத் தள்ளச் சொல்லியிருக்கிறார் மனுஷன், சாகிற நேரத்திலும் வண்டி நினைப்பு. அவர் அழுதார், நடுவில் சிரித்தார், நிலோஃபர் கொடுத்த தண்ணீரைக் குடித்துப் புரையேறி மறுபடி அழுதார். அந்தக் குரல் இன்னொரு தரம் வேண்டும் என்று உடம்பெல்லாம் ஏங்கியது. நிலோஃபர் ஒலியைப் பதிந்து வைத்திருந்தாள். அதைக் கேட்கலாம், எத்தனை தரம் வேண்டுமானாலும். பதில் சொல்லத்தான் முடியாது.

அட்டையை வெளியே எடுத்தபோது ஒளி சீவிய இடமெல்லாம் வெளிறிப் பளிச்சென்று இருந்தது. சபரியின் பத்து வருடமும் அதில் இல்லை.

"சபரி பேசினதோட பதிவு என்ன பண்றதுங்க?" என்றாள் நிலோஃபர்.

"அழிச்சிரு. அது அவரு சொல்ல வேண்டியது."

மாசிக் கண்காட்சியில் சபரிக்குக் கோப்பை கிடைக்கவில்லை. மறுபடி அட்டையை மாட்டியிருந்த பின்கதவைத் திறந்து பார்த்த நடுவர்கள், அதில் கை பட்டிருக்கிறதே என்று உதட்டைப் பிதுக்கினார்கள். சபரி கதவைச் சாத்திவிட்டு வந்தார். தேன்மொழியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அடுத்த ஞாயிறு காலை தேன்மொழி பத்மினியைக் கொண்டுபோய்ச் சபரியின் வீட்டு வாசலில் நிறுத்தினார். சபரி தன் வண்டியின் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், செம்பும் கையுமாக நின்றுவிட்டார்.

"நான் சிரிக்கலீங்க" என்றார் தேன்மொழி.

சபரி செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வண்டி எதுக்குங்க, ஏறுங்க. ஆலாந்துறை வரைக்கும் போயிட்டு வந்துர்லாம்."

அவர் செம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கும் இங்கும் பார்த்து, கடைசியில் அதோடேயே வந்து ஏறினார். சட்டையை ஒரு தரம் நீவிவிட்டு, கண்ணாடி ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தார். காலைக் குளிரில் வண்டி முரண்டு பிடித்தது. தேன்மொழி சோக்கை இழுத்துக் கிளப்பினார். மருதமலை பின்னால் போயிற்று, தென்னந்தோப்புகள் வந்தன. பேரூர் தாண்டி ரோடு காலியானதும் வண்டி வேகமெடுத்தது.

சபரி ஏதோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் காதில் விழவில்லை.

தேன்மொழி சோக்கை உள்ளே தள்ளினார். வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினார். சாவியைத் திருப்பி எஞ்சினையும் நிறுத்தினார். தோப்பில் ஏதோ ஒரு பறவை கத்துவதுகூட இப்போது கேட்டது.

"ஒண்ணுமில்லீங்க, சும்மா சொன்னேன். அப்பறம் சொல்றேன், நீங்க ஓட்டுங்க" என்றார் சபரி.

"அப்பறம் வேண்டாமுங்க" என்றார் தேன்மொழி, அவர் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து. "இப்பவே சொல்லுங்க."